மூன்றே ஆட்டங்கள்

விளையாட்டு வீரர் ஒருவரின் பெருமையை அளந்தறிய விரும்புவோர் பெரும்பாலும் எண்களையே நாடுவர். எத்தனை ஆண்டுகள் ஆடினார், எத்தனை ஆட்டங்களில் வென்றார், எத்தனை புள்ளிகளை ஈட்டினார் என்பனவே அவர்கள் முதலிற் கேட்கும் வினாக்கள். இவ்வளவுகோல் பயனற்றதென நாம் கூறவில்லை. ஆயினும் சில வேளைகளில் அது பெரியதொன்றைச் சிறியதாகக் காட்டிவிடுவதுண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டப் பதிவேடுகளில் வத்தரு மிசாக்கா என்னும் பெயருக்கு நேரே காணப்படுவன இவ்வளவே: பருவம் 1947-48, ஆட்டங்கள் 3, புள்ளிகள் 7. இவ்வெண்களை மாத்திரம் காண்போர், தகுதியில்லாத ஒருவர் தவறி உள்ளே நுழைந்து விரைவில் வெளியேறினார் போலும் என எண்ணி அடுத்த பெயருக்குச் சென்றுவிடுவர். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதையும், ஒரு வீரனின் ஆட்ட வாழ்வு முடிவுறும் நாளில் அவன் கையில் எஞ்சி நிற்க வேண்டியது யாது என்பதையும் இக்கட்டுரையிற் சிறிது ஆராய்வோமாக.

முதற்கண் இவ்விளையாட்டின் பிறப்பைப் பற்றி ஒரு சொல். கூடைப்பந்தாட்டம் தொன்றுதொட்டு வந்ததன்று. 1891ஆம் ஆண்டின் இறுதியில் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரில், கிறித்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்சிமித் என்பார் இதனை ஆக்கினார். பனிக்காலத்தில் வெளியே செல்லவியலாத மாணவருக்கு உள்ளரங்கில் ஆடத்தக்க ஓர் ஆட்டம் வேண்டுமெனப் பணிக்கப்பட்டபோது, அவர் 13 விதிகளை வகுத்து, பழம் சேர்க்கும் கூடைகள் இரண்டினை அரங்கின் இரு புறத்தும் மாட்டுவித்தார். கூடை மாட்டப்பட்ட 10 அடி உயரமே இன்றுவரை மாறாது நிற்கின்றது. உயரத்திற் கூடை இருப்பதால், உயர்ந்தவர்க்கே இவ்வாட்டம் உரியதென்னும் எண்ணம் விரைவில் வேரூன்றியது. மிசாக்காவின் உயரமோ 5 அடி 7 அங்குலம். இவ்வாட்டத்திற் புகழ்பெற அவருக்கு உடல் துணைசெய்யவில்லை; கால்களின் விரைவும், எதிராளியை நிழல்போல் விடாது தொடரும் பொறுமையுமே துணையாயின.

அவர் 1923ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 21ஆந் திகதி, யூற்றா மாநிலத்தின் ஒக்டன் என்னும் புகையிரத நகரிற் பிறந்தார். பெற்றோர் யப்பானிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். தந்தையார் முடிதிருத்தும் நிலையம் ஒன்றை நடாத்தினார். அதன் கீழ்த்தளமே குடும்பத்தின் இல்லமாயிருந்தது. மதுக்கடைகள் நிறைந்த தெரு அது. யப்பானிய முகங்கொண்டோர்க்கு உணவுச்சாலைகளிற் சில இடமளியா. தெருவில் எதிர்ப்படுவோர் சிலர் மறுபுறம் ஒதுங்கிச் செல்வர். மிசாக்கா 15 வயதினராயிருந்தபோது தந்தையார் காலமானார். பிள்ளைகளுடன் யப்பானுக்கே மீண்டுவிடலாமென அன்னையார் கருதினார். மைந்தரோ தாம் பிறந்த மண்ணைவிட்டுச் செல்ல உடன்படவில்லை. ஈற்றில் அன்னையார் கணவரின் தொழிலைத் தாமே ஏற்று, அந்நிலையத்தை நடாத்திக் குடும்பத்தைக் காத்தார். இவ்வன்னையின் உழைப்பை மறந்துவிட்டு மகனின் புகழைப் பேசுதல் முறையாகாது.

ஒக்டன் உயர்தரப் பாடசாலையின் அணி 1940ஆம் ஆண்டில் மாநில வாகையைச் சூடியபோது மிசாக்கா அதில் ஆடினார். பின்னர் அந்நகரின் வீபர் கல்லூரியிற் பயின்று அங்கும் சிறப்புற்றார். இவ்வேளையிலேதான் உலகப் போர் குறுக்கிட்டது. 1941ஆம் ஆண்டு டிசம்பரில் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டது. 1942ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 19ஆந் திகதி சனாதிபதி றூஸ்வெல்ற் ஓர் ஆணையிற் கையொப்பமிட்டார். அதன் விளைவாக, மேற்குக் கரையோரத்தில் வாழ்ந்த ஏறக்குறைய 120,000 யப்பானிய வழியினர் தம் வீடு வயல் கடைகளை விட்டுப் பெயர்க்கப்பட்டு, முட்கம்பி வேலிகளுக்குள் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். யூற்றா கரையோர மாநிலமன்று. ஆதலின் மிசாக்காவின் குடும்பம் இத்துயருக்குத் தப்பியது. ஆயின் அதே மாநிலத்தின் பாலைநிலத்தில், தோபாஸ் என்னும் பெயரிய முகாம் ஒன்று அவ்வாண்டு செப்டெம்பரில் திறக்கப்பட்டது. ஒரே மாநிலம்; ஒரே இனத்து இளைஞர். ஒருவர் அரங்கிற் பந்தாடுகின்றார். மற்றவர் வேலிக்குள் நிற்கின்றார். இருவரையும் வேறுபடுத்தியது குற்றமுமன்று, குணமுமன்று. போர் மூண்ட நாளில் வீடு எங்கே இருந்தது என்பது ஒன்றே.

1943-44ஆம் ஆண்டுப் பருவத்தில் மிசாக்கா யூற்றாப் பல்கலைக்கழக அணியிற் சேர்ந்தார். வடால் பீற்றர்சன் என்பார் பயிற்றுநர். பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மண்டபத்தைப் படையினர் எடுத்துக்கொண்டமையால் அணிக்குச் சொந்த அரங்கமே இல்லை. மூத்த மாணவர் பலர் போர்முனைக்குச் சென்றுவிட்டமையால் அணியினர் பெரும்பாலும் இளைஞரே. இவர்கள் நாடளாவிய புகழ் பெறுவரென எவரும் எதிர்பார்த்திலர்.

அக்காலத்திற் கல்லூரிகளுக்கிடையே இரண்டு பெரும் போட்டிகள் நடைபெற்றன. ஒன்று, 1938ஆம் ஆண்டு தொடங்கி நியூயோர்க்கின் மடிசன் ஸ்குயார் காடின் என்னும் பேரரங்கில் அழைப்பின்பேரில் நடைபெற்றது. மற்றையது, 1939ஆம் ஆண்டிற் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தாரால் தொடங்கப்பட்டது. அந்நாளிலே முன்னையதற்கே மதிப்பு மிகுதி. யூற்றா அணி அழைப்புப் போட்டிக்குச் சென்று, முதற் சுற்றிலேயே கென்ரக்கிப் பல்கலைக்கழகத்திடம் தோற்றது. ஊர் திரும்புவதே எஞ்சியிருந்த வேளையில், மற்றைய போட்டியிற் பங்குபற்றவிருந்த ஆர்க்கன்சோ அணியினர் வீதி விபத்தொன்றிற் சிக்கியதால் விலகினர். அவ்விடம் யூற்றாவுக்கு அளிக்கப்பட்டது. பிறர்க்கு நேர்ந்த துயரினால் வந்த வாய்ப்பு அது. அதனை வீணாக்காது ஏற்ற அவ்விளைஞர்கள் கன்சாஸ் நகரில் இரு ஆட்டங்களையும் வென்று, மீண்டும் நியூயோர்க் சென்றனர். 1944ஆம் ஆண்டு மார்ச் மாதம் 28ஆந் திகதி நடைபெற்ற இறுதியாட்டத்தில், மேலதிக நேரத்தின் கடைசிக் கணங்களில் ஹேர்ப் வில்கின்சன் எறிந்த பந்து கூடையில் வீழ்ந்தது. டாட்மத் கல்லூரியை 42க்கு 40 என்ற புள்ளிக்கணக்கில் யூற்றா வென்றது. பின்னர் செஞ்சிலுவைச் சங்க நிதிக்காக நடந்த ஆட்டத்தில், அழைப்புப் போட்டியின் வாகையரான சென் ஜோன்ஸ் அணியையும் வென்றது. யப்பானோடு அமெரிக்கா கடும்போர் புரிந்துகொண்டிருந்த அம்மாதத்தில், நியூயோர்க் மக்கள் ஒரு யப்பானிய முகத்துக்குக் கைதட்டினர்.

வாகை சூடி ஊர் திரும்பிய மிசாக்காவை எதிர்கொண்டது படைக்கான அழைப்பாணை. கல்வியும் ஆட்டமும் இரண்டாண்டு நின்றன. போர் முடிந்தபின் அமெரிக்கப் படையுடன் யப்பானுக்கு அனுப்பப்பட்ட அவர், குண்டுவீச்சின் விளைவுகளை ஆராய்ந்த குழுவினருடன் கிரோசிமா சென்று, உயிர் தப்பியோரைக் கண்டு அவர்தம் மனநிலையை விசாரித்தறியும் பணியில் ஈடுபடுத்தப்பட்டார். ஒரே குண்டினாற் சாம்பரான நகரில், தம் முன்னோரின் மொழி பேசும் மக்கள் முன்னே, அக்குண்டை வீசிய நாட்டின் சீருடையணிந்து நிற்க நேர்ந்த இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவரின் உள்ளத்தை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தம் பிறந்த நகரில் அவர் யப்பானியர். யப்பானில் அவர் அமெரிக்கர். விளையாட்டரங்கு ஒன்றிலேயே அவர் வெறும் ஆட்டக்காரராக எண்ணப்பட்டார்.

1946-47ஆம் ஆண்டுப் பருவத்தில் அவர் மீண்டும் யூற்றா அணியில் ஆடினார். 1947ஆம் ஆண்டு மார்ச் மாதம் நியூயோர்க் அழைப்புப் போட்டியின் இறுதியாட்டத்தில் யூற்றாவுக்கு எதிரே நின்றது பழைய கென்ரக்கியே. புகழ்பெற்ற பயிற்றுநர் அடொல்ப் றப் வழிநடாத்திய அவ்வணியே வெல்லுமெனப் பலரும் கருதினர். அதன் ஒளிமிக்க வீரர் றல்ப் பியேட். அவரைக் காத்து நிற்கும் பணி மிசாக்காவிடம் ஒப்படைக்கப்பட்டது.

காப்பாளரின் பணி யாதென அறியாதார்க்கு ஈண்டு விளக்குதல் தகும். கூடையில் எறிபவரையே காண்போர் கண்கள் தொடரும். எறியவிடாது தடுப்பவரின் தொழிலோ கண்ணுக்குப் புலப்படாதது. எதிராளி எத்திசையில் அடிவைப்பார் என்பதை அவர் இடுப்பின் அசைவைக்கொண்டே ஊகித்து, அவருக்கு முன்னே அவ்விடத்தை அடைதல் வேண்டும். உடலால் மோதினாற் குற்றம். கையாற் பற்றினாற் குற்றம். அவர் செய்யும் பணி அவருடைய புள்ளிக்கணக்கில் வராது. எதிராளியின் கணக்கிற் குறைவாகவே வெளிப்படும். அன்று ஆட்டம் முடிந்தபோது பியேட்டின் கணக்கில் இருந்தது ஒரேயொரு புள்ளி. யூற்றா 49க்கு 45 என வென்றது. மிசாக்காவின் தொழிற்றிறனை அறிய விரும்புவோர் நோக்கவேண்டிய எண் அவர் பெற்ற 7 அன்று. பியேட் பெற்ற இந்த 1 ஆகும்.

இவ்வாட்டமே அவருக்குத் தொழில்முறை அரங்கின் வாயிலைத் திறந்தது. 1946ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பெருநகர்களின் அரங்க உரிமையாளர் சிலர் கூடி அமெரிக்கக் கூடைப்பந்தாட்டச் சங்கம் என ஒன்றை நிறுவியிருந்தனர். பனிக்கட்டி ஹொக்கி இல்லாத இரவுகளிலும் அரங்கங்கள் வெறுமையாயிராது வருவாய் தரவேண்டும் என்பதே அவர்தம் கருத்து. முதலாண்டில் 11 அணிகள் ஆடின. நட்டமடைந்து நான்கு மறைந்தன. ஒன்று புதிதாய்ச் சேர, இரண்டாம் ஆண்டில் எட்டே அணிகள் எஞ்சின. இச்சங்கம் 1949ஆம் ஆண்டில் வேறொரு சங்கத்துடன் இணைந்து இன்று உலகெங்கும் அறியப்பட்ட தேசிய கூடைப்பந்தாட்டச் சங்கமாயிற்று. கல்லூரி வீரரை அணிகள் முறைவைத்துத் தெரிந்தெடுக்கும் வழக்கமும் 1947ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. அம்முதல் தெரிவில் நியூயோர்க் நிக்கர்போக்கர்ஸ் அணியினர் மிசாக்காவைத் தெரிந்தெடுத்தனர். அதே ஆண்டு ஏப்ரலில் ஜாக்கி றொபின்சன் என்னும் கறுப்பின வீரர் தளக்கட்டுப் பந்தாட்டத்தின் முதன்மை அரங்கில் நிறத்தடையைத் தகர்த்திருந்தார். அச்செய்தி நாடெங்கும் முழங்கியது. அதே நியூயோர்க் நகரில் நவம்பர் மாதம் மிசாக்கா களமிறங்கியபோது, அச்சங்கத்தில் ஆடிய முதலாவது வெள்ளையரல்லாதவர் ஆனார். அதனை வரலாற்று நிகழ்ச்சியென அன்று எடுத்துக் கூறினோர் அரியர்.

அப்பருவத்தில் அணி ஒவ்வொன்றுக்கும் 48 ஆட்டங்கள். மிசாக்கா ஆடியவை மூன்று. மூன்று முறை பந்தைக் கூடையில் இட்டார். தனியெறி ஒன்றும் வாய்த்தது. ஆக 7 புள்ளிகள். அதன்பின் அவர் தேவையில்லையென அறிவிக்கப்பட்டார். நிறமே காரணமென்று சொல்வது எளிது. கேட்போர் நெஞ்சையும் அது தொடும். ஆயின் மிசாக்கா அவ்வாறு குறைகூறினாரல்லர். அணியிற் காப்பாளர் பலர் இருந்தமையே காரணமெனப் பிற்காலத்தில் அவர் கருத்துரைத்தார். ஏமாற்றம் இருந்தது, ஆனாற் கண்கூடாக அறியாத ஒன்றைப் பிறர்மீது சுமத்த அவர் விரும்பவில்லை. அநீதியை நேரிற் கண்டு வளர்ந்த ஒருவர் இவ்வாறு நிதானித்துப் பேசுதல் பலவீனமன்று, அது நேர்மையின்பாற்பட்டது.

நியூயோர்க்கிலிருந்து வீடு திரும்பும் வழியில் மற்றொரு வாய்ப்பு அவரைத் தேடி வந்தது. வேடிக்கையும் வித்தையும் கலந்த ஆட்டத்தால் ஊரூராகச் சென்று புகழ்பெற்ற ஹார்லெம் குளோப்றொட்டர்ஸ் குழுவினர் தம்முடன் சேருமாறு அழைத்தனர். ஆட்ட வாழ்வு நீளவேண்டும் என்பதே அவர் குறிக்கோளாயிருந்தால் அவ்வழைப்பை ஏற்றிருப்பார். அவரோ மறுத்தார். முடிக்கப்படாத பொறியியற் படிப்பு ஒன்று அவருக்காக யூற்றாவிற் காத்திருந்தது. திரும்பிச் சென்று பட்டம் பெற்றார். சோல்ற் லேக் நகரிற் பொறியியலாளராகப் பணிபுரிந்தார். மணம் செய்து மக்களைப் பெற்று, நெடுங்காலம் அமைதியாக வாழ்ந்தார். 23 வயதில் முடிந்த ஆட்ட வாழ்வுக்குப் பின் அவருக்கு இன்னும் 72 ஆண்டுகள் இருந்தன. தொழில்முறை வீரரின் வாழ்வு எவ்வளவு நீண்டாலும், மனித ஆயுளோடு ஒப்பிடுகையில் அது சிறியதே. முழங்கால் ஒன்று பிசகினாலும் முடியும். புதியவர் ஒருவர் வந்தாலும் முடியும். முதலாளிக்கு நட்டம் வந்தாலும் முடியும். ஆதலால் ஆட்டத்தை விட்டு நீங்கும் நாள் எல்லா வீரர்க்கும் வந்தே தீரும். அந்நாளிற் செல்வதற்கு ஓர் இடம் உண்டா என்பதே வினா. மிசாக்காவுக்கு அவ்விடம் இருந்தது.

இவ்விடத்தில், அன்று ஒரே புள்ளியுடன் நின்ற றல்ப் பியேட்டின் கதையையும் கூறாது விடுதல் பொருந்தாது. அவர் மிசாக்காவினும் பெரிய வீரர் என்பதில் ஐயமில்லை. 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கிற் பொற்பதக்கம் வென்றார். 1949 முதல் இரு பருவங்கள் இந்தியானபொலிஸ் அணியில் ஒளிவீசினார். ஆனால் 1951ஆம் ஆண்டில் ஒரு பேரிடி விழுந்தது. கல்லூரி நாட்களிற் சூதாட்டக்காரரிடம் பணம் பெற்ற வீரர் பலரின் பெயர்கள் வெளிவந்தன. அவர் பெயரும் அவற்றுள் ஒன்று. பணம் பெற்றதை அவர் ஒப்புக்கொண்டார். ஆட்டத்தை வேண்டுமென்று கெடுக்கவில்லையென இறுதிவரை கூறினார். வாழ்நாள் முழுவதும் ஆடலாகாதெனத் தடைவிதிக்கப்பட்டார். அவர் பெற்ற தொகை சில நூறு டொலரே. பின்னாளில் வேறு தொழிலில் உழைத்து மதிப்புடன் வாழ்ந்தபோதும், இழந்த ஆட்டத்தை எண்ணி அவர் வருந்தியே இருந்தார். 2007ஆம் ஆண்டிற் காலமானார். அவரை இகழ்தல் நமது நோக்கமன்று. இளமையில் எளிதாய் நீட்டப்படும் பணத்தின்முன் தளர்ந்தோர் அவர் ஒருவரல்லர். இருவர் வாழ்விலும் ஆட்டம் குறுகியதே. ஒருவர்க்கு மூன்று ஆட்டம். மற்றவர்க்கு இரண்டு பருவம். பிறர் முடிவினால் வெளியேறியவர் அமைதியோடு வீடு சென்றார். தம் செயலினால் வெளியேறியவர்க்கு அரங்கின் வாயில் மீண்டும் திறக்கவேயில்லை.

மிசாக்கா சென்ற வழியில் உடனே பலர் தொடர்ந்தனர் என்று கூறினால் அது வரலாறாகாது. 1950ஆம் ஆண்டில் ஏள் லொயிட், சக் கூப்பர், நற் கிளிப்டன் என்னும் கறுப்பின வீரர் மூவர் அச்சங்கத்திற் புகுந்தனர். அதன்பின் அவ்வழி அடைபடவில்லை. ஆசிய வழியினர்க்கோ பல்லாண்டுகள் வெறுமையே. சீனத்து யாவோ மிங் 2002ஆம் ஆண்டுத் தெரிவில் முதல்வராக எடுக்கப்பட்டார். 2012ஆம் ஆண்டில், தைவானிலிருந்து குடியேறிய பெற்றோர்க்கு அமெரிக்காவிற் பிறந்த ஜெரெமி லின் அதே நியூயோர்க் அணியில் ஆடி உலகை வியக்கவைத்தபோது, பத்திரிகைகள் பழைய ஏடுகளைப் புரட்டி 88 வயது மிசாக்காவைத் தேடிச் சென்றன. யூற்றாவின் விளையாட்டுப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் 1999ஆம் ஆண்டிலேயே சேர்க்கப்பட்டிருந்தது. 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 20ஆந் திகதி, தமது 95ஆம் வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். அவர் அணிந்த 20ஆம் இலக்கத்தை இனி எவருக்கும் அளிப்பதில்லையென 2022ஆம் ஆண்டில் யூற்றாப் பல்கலைக்கழகம் சிறப்புச் செய்தது. மூன்றாட்ட வீரரின் சட்டையை உயர்த்திக் கட்டியது அவரை விலக்கிய தொழிலணியன்று. அவரைப் படிப்பித்த கலைக்கூடமே என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும்.

பாடசாலை மைதானங்களிற் பந்தாடி வளர்ந்த நம்மிற் பெரும்பாலோர்க்குப் பதிவேடுகளில் மூன்று ஆட்டங்கள்கூட இல்லை. மாலை மணி அடித்ததும் பந்தைக் களஞ்சிய அறையிற் போட்டுவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு திரும்பியவர்கள் நாம். அன்று நம் ஆசிரியர்கள் மைதானத்தையும் வகுப்பறையையும் ஒரே மதிலுக்குள் வைத்ததன் பொருள் அப்போது நமக்கு விளங்கவில்லை. ஒன்றிலே தோற்றவன் மற்றொன்றிற்குத் திரும்பிச் செல்ல வழி இருக்கவேண்டும் என்பதே அப்பொருள். இன்று நம் பிள்ளைகளும் பேரரும் அதே மைதானங்களில் ஓடுகின்றனர். அவர்களை நன்றாக ஓடவிடுவோம், வெற்றிபெற்றால் மகிழ்வோம். எனினும் அணியின் பட்டியலில் தம் பெயர் இல்லாத நாளில் அவர்கள் எங்கே செல்வர் என்பதையும் இப்போதே எண்ணி வைப்போமாக.